டி-செல் ஏற்பி உருவாவதற்கு நிகழ்தகவு மாதிரி கட்டுவது எப்படி: பென்சிலில் தொடங்கி மென்பொருள் வரை

பாலக்காடு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பள்ளியில் தமிழில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதி, விடுதியில் மலையாளத்தில் பேசுகிறவர்கள். மேற்கே கஞ்சிக்கோட்டில் ஐஐடி, கிழக்கே கோவையில் எத்தனையோ கல்லூரிகள் என்பதால் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டுக்கு நல்ல தலைப்புகள் கிடைக்கின்றன. நோயெதிர்ப்பு செல்களின் ஏற்பிகளைக் கணிதமாக எழுதுவது அப்படி ஒரு தலைப்பு. இதில் உயிரியல் படித்தவருக்கு நிகழ்தகவு பயம், கணிதம் படித்தவருக்கு டிஎன்ஏ பயம். இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து செய்யும்படி இதை எழுதுகிறேன். மென்பொருளை இறக்குவதற்கு முன் கையால் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும் என்பது என் பிடிவாதம். அதைத் தாண்டிக் குதித்தவர்கள் பிறகு திரையில் வரும் எண்ணுக்கு அர்த்தம் தெரியாமல் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் உயிரியல், தேவையான அளவு மட்டும்

டி-செல் (T) ஒரு வகை நோயெதிர்ப்பு செல். அதன் மேல்பரப்பில், கிருமியை அடையாளம் காண இருக்கும் ஏற்பிக்கு ஆல்ஃபா, பீட்டா என இரண்டு சங்கிலிகள். பீட்டாவை எடுத்துக்கொள்வோம். அதற்கு முழுசான ஒரு மரபணு நமக்குப் பிறவியிலேயே இல்லை. ஏழாவது குரோமோசோமில் வி, டி, ஜே (V, D, J; இந்த டி வேறு, டி-செல்லின் டி வேறு) என்ற மூன்று வகைத் துண்டுகள் தனித்தனியாகக் கிடக்கின்றன. மனிதரில் வேலை செய்யக்கூடிய வி-துண்டுகள் சுமார் 48, டி-துண்டுகள் 2, ஜே-துண்டுகள் 13. தைமஸ் சுரப்பியில் வளரும் ஒவ்வொரு செல்லும் முதலில் ஒரு டி-யை ஒரு ஜே-யோடு ஒட்டுகிறது. அப்புறம் ஒரு வி-யை அதன் முன்னால் ஒட்டுகிறது. செல் வளரும்போது அதன் டிஎன்ஏ இப்படி வெட்டி ஒட்டப்படுகிறது என்பதை சுசுமு டோனெகாவாவும் நோபுமிச்சி ஹோசுமியும் 1976-இல் பி-செல் (B) என்ற இன்னொரு நோயெதிர்ப்பு செல்லின் எதிர்ப்புப்புரத மரபணுவில் காட்டினார்கள். டோனெகாவாவுக்கு 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒட்டும் வேலையை நான்கு நிகழ்வுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாதிரி முழுக்க இந்த நான்கின் மேல்தான் நிற்கிறது.

துண்டைத் தேர்ந்தெடுப்பது முதலாவது. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஏழு எழுத்து (எழுத்து என்றால் டிஎன்ஏ-வின் A, C, G, T), ஒன்பது எழுத்து கொண்ட இரண்டு அடையாளங்கள் இருக்கும்; அவற்றுக்கு நடுவே 12 அல்லது 23 எழுத்து இடைவெளி. 12 உள்ளது 23 உள்ளதோடுதான் சேரும். ராக்-1, ராக்-2 என்ற புரதங்கள் இந்த அடையாளத்தைப் பார்த்து வெட்டுகின்றன. வெட்டிய முனை கொண்டை ஊசி போல மடங்கி ஒட்டிக்கொள்ளும். ஆர்ட்டெமிஸ் என்ற புரதம் அதைத் திறக்கும். நடுவில் திறக்காமல் ஓரமாகத் திறந்தால் முனையில் சில எழுத்துகள் கண்ணாடிப் பிம்பமாகத் தொங்கும். இது இரண்டாவது நிகழ்வு. மூன்றாவது, முனைகளிலிருந்து எழுத்துகள் கொறிக்கப்படுவது. நான்காவது, டிடிடி (TdT) என்ற நொதி அச்சு எதையும் பார்க்காமல் தன்போக்கில் புது எழுத்துகளைச் செருகுவது. கடைசியில் லிகேஸ்-4 உள்ளிட்ட பழுதுபார்ப்புக் குழு முனைகளைச் சேர்த்து மூடுகிறது.

சேர்க்கைகளை எண்ணினால் போதாதா?

எண்ணிப் பார்ப்போம். 48 × 2 × 13 = 1,248. இதிலேயே ஒரு ஓட்டை உண்டு. குரோமோசோமில் டி1, அதன் பின் ஜே1 கூட்டம் (6), அப்புறம் டி2, அதன் பின் ஜே2 கூட்டம் (7) என்று வரிசை. டி1 எந்த ஜே-யோடும் சேரலாம். டி2-வுக்குப் பின்னால் ஜே2 மட்டும்தான் இருக்கிறது. ஆகவே 48 × (13 + 7) = 960 தான். எல்லாம் சமவாய்ப்பு என்று வைத்தாலும் இது சுமார் 10 பிட் (2¹⁰, அதாவது ஏறக்குறைய ஆயிரம்) தகவல். ஆனால் பீட்டா சங்கிலியின் மொத்தப் பன்மை ஏறக்குறைய 47 பிட், அதாவது 10¹⁴ அளவு. மிச்சம் முழுவதும் ஒட்டுமிடத்தில் கொறிப்பதாலும் செருகுவதாலும் வருகிறது. பாடப்புத்தகங்கள் துண்டுகளை எண்ணுவதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, ஒட்டுமிடத்துக்கு ஒரு வரி ஒதுக்குவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஒட்டுமிடத்தில் எண்ணிக்கை முறை அடியோடு படுத்துவிடும். வேலந்தாவளத்திலிருந்து வரும் ஒரு மாணவி கேட்டாள்: "ஏனுங்க சார், இதுவும் லாட்டரி மாதிரித்தானுங்களே?" கேரள லாட்டரிச் சீட்டில் இரண்டு எழுத்தும் ஆறு இலக்கமும் இருக்கும். ஒரு குலுக்கலுக்கு ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு தரம் அச்சாகும், எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. செல் அடிக்கும் சீட்டு அப்படி இல்லை. சில எண்களை அது ஆயிரக்கணக்கான தரம் அச்சடிக்கும். சிலவற்றை மனித குலத்திலேயே ஒரு முறைகூட அடிக்காது. எத்தனை வகைச் சீட்டு சாத்தியம் என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த ஒரு சீட்டு அச்சாகும் வாய்ப்பு என்ன என்று கேட்டால்தான் மாதிரி தொடங்குகிறது. அதைப் பிறப்பு நிகழ்தகவு என்று சொல்வோம்.

மாதிரியை எழுதுவது

ஒரு பீட்டா சங்கிலி உருவாகும் ஒரு முழுக் காட்சியை, எந்தத் துண்டு, எவ்வளவு வெட்டு, எவ்வளவு செருகல் என்று எல்லாம் சேர்த்து, இப்படிப் பெருக்கலாக எழுதலாம் (நி என்பது நிகழ்தகவு; '| வி' என்றால் 'வி எது என்று தெரிந்திருக்கும்போது'; இனி வெட்டு என்பது கொறிபட்ட எழுத்துகளின் எண்ணிக்கை):

நி(காட்சி) = நி(வி) × நி(டி, ஜே) × நி(வி-வெட்டு | வி) × நி(டி-யின் இரு முனை வெட்டு | டி) × நி(ஜே-வெட்டு | ஜே) × நி(வி–டி செருகல்) × நி(டி–ஜே செருகல்)

எது எதோடு சேர்ந்து நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். டி-யும் ஜே-யும் ஒரே அடைப்புக்குள் இருப்பதற்குக் காரணம் மேலே சொன்ன குரோமோசோம் வரிசை. வெட்டு அந்தந்தத் துண்டைச் சார்ந்தது, ஏனென்றால் முனையில் என்ன எழுத்துகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்துக் கொறிப்பு மாறும். டி-துண்டு குட்டியானது, டி1-க்கு 12 எழுத்து, டி2-வுக்கு 16. ஒரு பக்கம் அதிகம் வெட்டினால் மறுபக்கம் வெட்ட மிச்சம் இருக்காது. அதனால் இரு முனையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

செருகலில் இரண்டு பாகம். எத்தனை எழுத்து என்பது ஒன்று. என்னென்ன எழுத்து என்பது இன்னொன்று. எழுத்துகளுக்கு மார்கோவ் சங்கிலி பொருந்தும்: அடுத்த எழுத்தின் வாய்ப்பு முந்தைய எழுத்தை மட்டும் சார்ந்தது. டிடிடி-க்கு ஜி, சி மேல் கொஞ்சம் சாய்வு உண்டு என்பதால் நான்கு எழுத்துக்கும் கால் பங்கு என்று வைத்தால் நிஜத் தரவோடு ஒத்துவராது. கண்ணாடிப் பிம்ப எழுத்துகளுக்கு ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. அவற்றைக் 'கழித்தல் வெட்டு' என்று வைத்துக்கொள்ளலாம்: வெட்டு −2 என்றால் இரண்டு பிம்ப எழுத்து. தனியாக ஒரு மாறி தேவையில்லை.

ஆல்ஃபா சங்கிலியில் டி-துண்டு கிடையாது. ஆனால் ஒரு முறை ஒட்டியது சரிவராவிட்டால் செல் வெளிப்பக்கத் துண்டுகளை எடுத்து மறுபடி ஒட்டும். ஆகவே அருகிலுள்ள வி அருகிலுள்ள ஜே-யோடும், தூரத்து வி தூரத்து ஜே-யோடும் சேரும் போக்கு உண்டு. அங்கே நி(வி, ஜே) என்று சேர்த்தே எழுத வேண்டும்.

இப்போது பென்சிலை எடுங்கள்

எண்கள் எல்லாம் நான் வசதிக்கு வைத்தவை. ஒரே ஒரு வி. அதன் கடைசி மூன்று எழுத்து சி-ஏ-ஜி. ஒரே ஒரு ஜே. அதன் முதல் மூன்று எழுத்து ஜி-சி-ஏ. இருபுறமும் வெட்டு 0, 1, 2 எழுத்தாக இருக்கலாம். வாய்ப்பு முறையே 0.5, 0.3, 0.2. செருகலும் 0, 1, 2. வாய்ப்பு அதே 0.5, 0.3, 0.2. செருகும் எழுத்து ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு.

டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் சீக்வென்சர் இயந்திரம் ஒட்டுமிடத்தில் சி-ஏ-ஜி-சி-ஏ என்று காட்டுகிறது. இது எப்படி வந்திருக்கும்?

வி முழுசாக இருந்து, ஜே-யில் ஒன்று வெட்டுப்பட்டு, செருகல் இல்லாமல் வரலாம்: 0.5 × 0.3 × 0.5 = 0.075. வி-யில் ஒன்று வெட்டுப்பட்டு ஜே முழுசாக இருந்தும் வரலாம்: மறுபடி 0.075. நடுவில் நிற்கும் ஜி எழுத்து வி-யிலிருந்து வந்ததா, ஜே-யிலிருந்து வந்ததா என்பதை யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் ஒவ்வொன்று வெட்டுப்பட்டு டிடிடி தற்செயலாக அதே ஜி-யைச் செருகியிருக்கவும் கூடும்: 0.3 × 0.3 × 0.3 × ¼ = 0.00675. வி முழுசு, ஜே-யில் இரண்டு வெட்டு, சி செருகல்: 0.0075. அதன் மறுதலை, வி-யில் இரண்டு வெட்டு, ஏ செருகல்: 0.0075. ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு வெட்டி, இரண்டு எழுத்து செருகிய காட்சிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 0.00075.

மொத்தம் ஏழு காட்சிகள். கூட்டினால் 0.17325. இதுதான் அந்த வரிசையின் பிறப்பு நிகழ்தகவு.

இப்போது நடு எழுத்தை மட்டும் மாற்றுங்கள்: சி-ஏ-சி-சி-ஏ. நீளம் அதேதான். ஆனால் வி-யும் முழுசாக இருக்க முடியாது, ஜே-யும் முழுசாக இருக்க முடியாது. மிஞ்சுவது மூன்றே காட்சிகள்: 0.00675 + 0.00075 + 0.00075 = 0.00825. ஒரு எழுத்து மாறியதற்கு 21 மடங்கு வித்தியாசம்! பொம்மைக் கணக்கிலேயே இப்படி என்றால், நிஜத்தில் மிகச் சாதாரணமான வரிசைக்கும் மிக அரிதான வரிசைக்கும் இடையே பல கோடி மடங்கு இடைவெளி இருப்பதில் வியப்பில்லை.

வி-யோடு எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறதோ அதெல்லாம் வி, மிச்சம்தான் செருகல் என்று ஒரே காட்சியை நிச்சயமாக எடுத்துக்கொள்ளும் பழைய வழக்கம் இன்னும் பல ப்ராஜெக்ட்களில் தொடர்கிறது. மேலே உள்ள கணக்கில் அந்தக் காட்சிக்கு 0.075 / 0.17325, அதாவது 43 சதவீதம்தான். பாதிக்கு மேல் உண்மையைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தில் புள்ளிவிவரம் எடுத்தால், செருகல்கள் நிஜத்தைவிடக் குறைவாகத் தெரியும், வெட்டுகளும் கோணலாகும்.

தெரியாத எண்களைத் தரவிலிருந்து வரவழைப்பது

0.5, 0.3, 0.2 என்று நாம் வைத்தோம். நிஜத்தில் அந்த எண்கள் தெரியாது. வரிசைகள்தான் கையில் இருக்கும். இது முட்டையா கோழியா சிக்கல்: எண்கள் தெரிந்தால் காட்சிகளுக்கு எடை போடலாம்; காட்சிகள் தெரிந்தால் எண்களை எடுக்கலாம். 1977-இல் டெம்ப்ஸ்டர், லயர்ட், ரூபின் மூவரும் பொதுவடிவில் எழுதிய ஈஎம் (EM) முறை இதற்கென்றே பிறந்தது. ஒரு ஊகத்தில் தொடங்கு, அதை வைத்துக் காட்சிகளுக்கு எடை போடு, எடைகளைக் கூட்டிப் புது எண்களை எடு, திரும்பச் செய். ஒவ்வொரு சுற்றிலும் தரவின் நிகழ்தகவு ஏறும் அல்லது அப்படியே நிற்கும், இறங்காது.

நம் இரண்டு வரிசைகளை வைத்து ஒரு சுற்று ஓட்டுவோம், செருகல் எண்ணிக்கைக்கு மட்டும். முதல் வரிசையில் செருகல் 0 என்பதன் எடை 0.15 / 0.17325 = 0.866, செருகல் 1-க்கு 0.126, செருகல் 2-க்கு 0.009. இரண்டாவது வரிசையில் செருகல் 0 சாத்தியமே இல்லை, 1-க்கு 0.818, 2-க்கு 0.182. சராசரி எடுத்தால் புது எண்கள் 0.433, 0.472, 0.095. பழைய 0.5, 0.3, 0.2 எங்கே போயிற்று பாருங்கள். எந்த வரிசையையும் ஒரே காட்சிக்குள் அடைக்காமல், ஏழு காட்சிக்கும் அதனதன் பங்கைக் கொடுத்தே இதைச் செய்தோம்.

நிஜ பீட்டா சங்கிலிக்கு இதே வேலையை 2012-இல் ஆனந்த் முருகன், தியரி மோரா, அலெக்ஸாண்ட்ரா வால்சாக், கர்டிஸ் காலன் நால்வரும் செய்து வெளியிட்டார்கள். இந்தத் துறையில் இன்று ஓடும் மென்பொருள்களில் பல அந்த வழியில் வந்தவை.

எந்தத் தரவை எடுப்பது

ப்ராஜெக்ட் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ரத்தத்தில் ஓடும் டி-செல்கள் தைமஸில் தேர்வு எழுதி வந்தவை. ஏற்பி வேலை செய்யாதவை செத்தன. சொந்த உடம்பையே தாக்கக்கூடியவையும் செத்தன. பிழைத்தவற்றைப் பார்த்துப் பிறப்பைக் கணித்தால் பிறப்பும் தேர்வும் குழம்பிப்போகும். இதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. கொறிப்பும் செருகலும் தற்செயல் என்பதால், மூன்றில் இரண்டு பங்கு ஒட்டல்களில், மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் வாசிப்புச் சட்டகம் விலகிவிடும், புரதம் வராது. அப்போது செல் இன்னொரு குரோமோசோமில் முயற்சி செய்யும். அங்கே ஜெயித்தால் செல் பிழைக்கும். தோற்ற பழைய ஒட்டலும் அதனுள்ளேயே சும்மா கிடக்கும். அந்தத் தோற்ற வரிசை எந்தத் தேர்வையும் சந்திக்கவில்லை. பிறந்தபடியே இருக்கிறது. மாதிரியை அதில்தான் பழக்க வேண்டும்.

ஆகவே ஆர்என்ஏ-விலிருந்து எடுத்த தரவைவிட ஜீனோம் டிஎன்ஏ-விலிருந்து எடுத்தது இதற்கு நல்லது. சட்டகம் விலகிய ஆர்என்ஏ-வைச் செல்லே சிதைத்துவிடும்; தோற்ற வரிசைகள் குறைவாகத்தான் அகப்படும்.

அடுத்தது, ஒவ்வொரு வரிசையையும் ஒரு முறைதான் எண்ண வேண்டும். ஒரு செல் தொற்றின்போது பெருகி ஆயிரம் பிரதியாகியிருக்கலாம். சோதனைக்கூடத்தில் டிஎன்ஏ-வைப் பிரதியெடுக்கும் பிசிஆர் இன்னும் பெருக்கியிருக்கும். பிறப்பு நடந்தது ஒரு தரம்தான். சீக்வென்சர் பிழையும் இருக்கும். ஒரே தரம் தென்பட்ட வரிசை ஒன்று, மிக அதிகமாகத் தென்பட்ட இன்னொன்றிலிருந்து ஒரே எழுத்து மாறியிருந்தால் சந்தேகப்படுங்கள். இல்லாவிட்டால் பிழை விகிதத்தையும் ஒரு மாறியாக மாதிரிக்குள் சேர்த்துவிடலாம்.

பல ஆயிரம் தனித்தனி வரிசைகள் இல்லாமல் தொடங்காதீர்கள். வி-துண்டுகள் 48, ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டுப் பட்டியல் என்று கற்க வேண்டிய எண்களே ஆயிரத்தைத் தாண்டும்.

நிஜத் தரவுக்கு முன் பொய்த் தரவு

நீங்களே எண்களை நிர்ணயித்து, அவற்றிலிருந்து பத்தாயிரம் வரிசைகளை பைத்தானில் உருவாக்குங்கள். அதை உங்கள் ஈஎம் நிரலுக்குக் கொடுங்கள். கொடுத்த எண்கள் திரும்பி வருகின்றனவா? வி, ஜே தேர்வு சீக்கிரம் வந்துவிடும். டி-தான் அடம் பிடிக்கும். டி1, டி2 இரண்டும் முதல் ஐந்து எழுத்தில் அச்சு அசலாக ஒன்று: ஜி-ஜி-ஜி-ஏ-சி. மீதியிலும் ஜி மயம். இருமுனையும் கொறிபட்ட பின் மிஞ்சும் ஜி-ஜி-ஜி எந்த டி-யிலிருந்து வந்தது? டிடிடி-க்கும் ஜி பிடிக்கும் என்பதால் டி-யே இல்லாமல்கூட வந்திருக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் விடை தெரியாது என்பதை எடைகளாகச் சொல்லும் மாதிரிதான் நேர்மையான மாதிரி. வேறு வேறு தொடக்க ஊகங்களிலிருந்து ஓட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே இடத்துக்கு வராவிட்டால் நிரலை நம்பாதீர்கள்.

இந்தச் சோதனைக்கு எட்டு ஜிபி லேப்டாப் தாராளம். கோடை மழை நேரத்தில் கரண்ட் போவது நம் பக்கம் வழக்கம்தான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எண்களைக் கோப்பில் எழுதிவைத்துவிடுங்கள்.

தயார் மென்பொருள்கள்

கை பழகிய பின் 2018-இல் வந்த இகோர், 2019-இல் வந்த ஓல்கா இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் இலவசம். இகோர் தரவிலிருந்து மாதிரியைக் கற்கும். நாம் கையால் செய்த காட்சி எடைபோடலைத்தான் செய்கிறது. ஓல்கா கற்ற மாதிரியை வைத்துப் பிறப்பு நிகழ்தகவைக் கணக்கிடும். மனித ஆல்ஃபா, பீட்டா, பி-செல் கனச் சங்கிலிக்கு மாதிரிகள் அதனுடனேயே வருகின்றன. பைத்தான் பொதியாக நிறுவலாம்.

ஓல்காவின் சாமர்த்தியம் அமினோ அமில வரிசைக்குக் கணக்கிடுவதில். ஒரு அமினோ அமிலத்துக்குப் பல கோடான்கள் (மூன்றெழுத்து டிஎன்ஏ குறியீடுகள்) இருப்பதால், பதினைந்து அமினோ அமிலம் கொண்ட வரிசையை எழுதக்கூடிய டிஎன்ஏ வரிசைகள் கோடிக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எல்லாக் காட்சிகளையும் கூட்டினால் விடியாது. இடமிருந்து வலமாக நகர்ந்து, இதுவரை வந்த கூட்டுத்தொகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகும் டைனமிக் ப்ரோகிராமிங் உத்தியால் அது நொடிக்குள் முடிகிறது.

பி-செல்லுக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பி-செல் ஏற்பி தொற்றுக்குப் பின்னும் எழுத்து மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தைச் செருகல் என்று மாதிரி தவறாக எடுத்துக்கொள்ளும். இன்னும் தொற்றைப் பார்க்காத இளம் பி-செல்களிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு பயன்பாடு, எண்களோடு

டெங்கு வந்த இரண்டு பேரின் ரத்தத்திலும் ஒரே பீட்டா வரிசை கிடைத்தது என்று வையுங்கள். உடனே 'டெங்கு ஏற்பி கண்டுபிடித்துவிட்டேன்' என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். ஒவ்வொருவரிடமும் பத்து லட்சம் தனி வரிசைகள் படித்திருந்தால், நிகழ்தகவு ப உள்ள வரிசை ஒருவரிடம் தென்படும் வாய்ப்பு 1 − இ^(−10⁶ × ப). இ என்பது 2.718. ப = 10⁻⁶ என்றால் இது 63 சதவீதம்; இருவரிடமும் இருக்க 40 சதவீதம். டெங்குவே இல்லாத இரண்டு பேரிடமும் அப்படித்தான் இருக்கும். ப = 10⁻⁹ என்றால் ஒருவரிடம் ஆயிரத்தில் ஒன்று; இருவரிடமும் பத்து லட்சத்தில் ஒன்று.

ஒரு வரிசையைத் தனியே பிடித்துக்கொண்டு வாதிடுவதைவிட, முதல் ஆளின் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிசைக்கும் அந்த வாய்ப்பைக் கண்டு எல்லாவற்றையும் கூட்டுங்கள். இரண்டாவது ஆளிடம் எத்தனை பொதுவாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கிடைக்கும். வேலை செய்யும் ஏற்பிகளை ஒப்பிடுவதால், தைமஸ் தேர்வைத் தாண்டும் வாய்ப்பையும் ப-வோடு பெருக்கிக்கொள்ள வேண்டும். அதற்கென்று சோனியா என்ற மென்பொருள் இருக்கிறது.

எதிர்பார்ப்பைவிட வெகுவாக அதிகமாகப் பொதுவானவை வந்தால், டெங்குவை யோசிப்பதற்கு முன் சோதனைக்கூடத்தை யோசியுங்கள். சீக்வென்சரில் ஒரே ஓட்டத்தில் ஏற்றிய இரண்டு ரத்த மாதிரிகள் கலந்திருக்கலாம். பொதுவான ஏற்பிகளின் டிஎன்ஏ எழுத்தைப் பாருங்கள். இரண்டு உடம்பில் தனித்தனியாகப் பிறந்து ஒரே புரதத்துக்கு வந்து சேர்ந்தவையானால், பல இடங்களில் அமினோ அமிலம் ஒன்றாகவும் டிஎன்ஏ வேறாகவும் இருக்கும். பிறப்பு நிகழ்தகவு மிகக் குறைவான வரிசைகள் டிஎன்ஏ-விலும் கடைசி எழுத்து வரை ஒத்துப்போனால், அது பெரும்பாலும் பிப்பெட் செய்த வேலை.